விசில் ஊதாத பயிற்சியாளர்

(உடற்கல்வி ஆசிரியர்களும் பாட ஆசிரியர்களும் சேர்ந்து பங்கேற்ற பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அமர்வின் தலைப்பைப் பார்த்துவிட்டு, "சார், நாங்க அஞ்சாம் வகுப்புக்குக் கணக்கும் தமிழும் நடத்துறவங்க. அமெரிக்கக் கோச் கதை எங்களுக்கு எதுக்கு?" என்று ஓர் ஆசிரியை வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். பதில் நடுவில் வரும், டீச்சர். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உடற்கல்வி ஆசிரியன். இருபத்தெட்டு ஆண்டுகளாக மைதானத்தில் நிற்கிறேன். எங்கள் துறையில் எழுதப்படாத பாடநூல் ஒன்று உண்டு. பயிற்சி என்றால் வலிக்க வேண்டும், பயம் இருக்க வேண்டும், விசில் சத்தம் கேட்டால் உடம்பு தானாக விறைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் செய்தார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படியே செய்திருப்பார். இந்தப் பாடநூலில் பெரும்பாலான பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் வேறு எவரையும்விட அதிக ஆட்டங்களை வென்ற பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். ஜான் கலார்டி என்பது அவர் பெயர். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் 'கக்லியார்டி' என்று வரும். இத்தாலியப் பெயர். அவர் ஊர்க்காரர்கள் கலார்டி என்றுதான் சொல்கிறார்கள்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்து நம் கால்பந்து அல்ல. பந்தைப் பெரும்பாலும் கையில்தான் வைத்திருப்பார்கள். முட்டை வடிவப் பந்து; பக்கத்துக்குப் பதினொரு பேர்; 100 கஜ மைதானம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும். முன்னேறுகிறவனை எதிரணி பிடித்துச் சாய்க்கலாம். அதற்கு டேக்கிள் என்று பெயர். ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு நூறு கிலோ ஆட்கள் மோதுகிற ஆட்டம். கபடியில் ரெய்டு போகிறவனை மடக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரு பக்கமும் முழு வேகத்தில் ஓடிவந்து. இப்படிப்பட்ட ஆட்டத்தில் பயிற்சியும் போர்ப் பயிற்சி மாதிரிதான் இருக்க வேண்டும் என்று அங்கே பல தலைமுறை நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

கலார்டி 1926-இல் கொலராடோ மாநிலத்தில் டிரினிடாட் என்ற ஊரில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த ஊர். தந்தை கார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். 1943-இல், இரண்டாம் உலகப்போரின் நடுவில், அவர் படித்த கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் பயிற்சியாளரை ராணுவத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். ஆள் இல்லை, இந்த ஆண்டு அணியே வேண்டாம் என்று பள்ளி முடிவெடுக்கும் நிலை. அப்போது அணியில் ஆடிக்கொண்டிருந்த இந்தப் பையன் போய், "நானே நடத்துகிறேன்" என்று நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தான். வயது பதினாறு. நம் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு மாணவன்.

இந்த இடம் முக்கியம். ஒரு மாணவன் கையில் பயிற்சி வந்துவிட்டது. அவனுக்குப் பயிற்சியாளர் கல்லூரியில் படித்த பட்டயம் கிடையாது. ஆனால் வேறு ஒன்று இருந்தது: நேற்று வரை அந்தப் பயிற்சியைத் தாங்கியவன் அவன்தான். எந்தப் பயிற்சி சனிக்கிழமை ஆட்டத்தில் கைகொடுத்தது, எது வெறும் இம்சை என்று உடம்பால் அறிந்தவன். பழைய பயிற்சியாளர் வாத்து நடை நடக்கவைப்பார். பயிற்சியின்போது தண்ணீர் குடிக்க விடமாட்டார். குடித்தால் உடம்புக்கு ஆகாது என்பது அக்கால நம்பிக்கை. இவன் முதல் வேலையாக வாத்து நடையை நிறுத்தினான். தண்ணீர் குடிக்கச் சொன்னான். நீண்ட நேரம் உடற்பயிற்சி செய்து களைத்துப்போவதற்குப் பதில், ஆட்டத்தில் என்ன செய்யப் போகிறோமோ அதை ஒத்திகை பார்த்தார்கள். அந்த அணி வென்றது. கொலராடோ கல்லூரியில் படித்துக்கொண்டே அவர் பள்ளி அணிகளுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்.

நம்மில் எத்தனை பேர் கற்பிக்கத் தொடங்கிய மறுநாளே கற்றுக்கொண்டிருந்த நாளை மறந்துவிடுகிறோம்! கலார்டி அந்தப் பதினாறு வயதை மறக்கவே இல்லை. அவர் வாழ்க்கையில் என்னை ஈர்த்தது இதுதான்.

1949-இல் பட்டம் பெற்றதும் மொன்டானா மாநிலம் ஹெலினாவில் இருக்கும் கேரல் கல்லூரிக்குப் போனார். நான்கு ஆண்டுகளில் 24 வெற்றி, 6 தோல்வி, ஒரு சமநிலை. 1953-இல் மினசோட்டா மாநிலம் காலேஜ்வில்லில் உள்ள செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் அழைத்தது. பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்தும் ஆண்கள் கல்லூரி அது. அவருக்கு முன் அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஜானி பிளட் மெக்நாலி, தொழில்முறைக் கால்பந்தில் பெரிய நட்சத்திரம். அந்த இடத்துக்கு வந்த இருபத்தாறு வயது இளைஞர் அறுபது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். இடையில் பெரிய இடங்களுக்குப் போகவில்லை. விளையாட்டுக்கென உதவித்தொகை கொடுக்கிற கல்லூரியும் அது கிடையாது. வருகிற மாணவர்களை வைத்துத்தான் அணி கட்ட வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அங்கே அவர் என்ன செய்தார் என்பதைவிட எதையெல்லாம் செய்யவில்லை என்பதுதான் பிரபலமானது. அவரே ஒரு நீண்ட 'இல்லை'ப் பட்டியல் வைத்திருந்தார். பயிற்சியில் டேக்கிள் இல்லை. விசில் இல்லை. தண்டனை ஓட்டம் இல்லை, மைதானத்தைச் சுற்றும் ஓட்டமே இல்லை. தள்ளிப் பழகும் இரும்புச் சட்டம் இல்லை. எடை தூக்குவது கட்டாயம் இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி இல்லை. மழை, கடும் வெயில், கொசுத் தொல்லை இருந்தால் பயிற்சியே இல்லை. (மினசோட்டாவில் கொசு அதிகம். பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று அந்த மாநிலத்தைச் சொல்வார்கள். ஏரி இருந்தால் கொசுவும் இருக்கும்.) புதிதாகச் சேர்ந்தவனை மூத்தவர்கள் ராகிங் செய்வது இல்லை. 'அடி', 'கொல்லு' போன்ற சொற்களுக்கு இடமில்லை. ஆர்வமாக வந்த எவனையும் அணியிலிருந்து நீக்குவது இல்லை. இந்தக் கடைசி விதியால் சில ஆண்டுகளில் அணியில் 150 பேருக்கு மேல் இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் பயிற்சியாளரை 'கோச்' என்று அழைப்பது நாம் 'சார்' என்று அழைப்பது போன்ற மரியாதைச் சொல். கலார்டி அதையும் வேண்டாம் என்றார். பதினெட்டு வயதுப் பையன்கள் அவரை 'ஜான்' என்றே கூப்பிட்டார்கள். எண்பது வயதிலும் அப்படித்தான். நாளை முதல் பிள்ளைகள் நம்மைப் பெயர் சொல்லி அழைக்கட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் ஊரில் பெயர் சொல்வது நெருக்கம். நம் ஊரில் 'சார்', 'டீச்சர்', 'மிஸ்' என்ற சொற்களுக்குள்ளேயே போதிய நெருக்கம் இருக்கிறது. அது இருக்கட்டும்.

அவர் அணியில் ஒரு விசித்திரமான பயிற்சி இருந்தது. எல்லாரும் புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவனிடம் "இன்றைக்கு எவ்வளவு நல்ல நாள்!" என்று சொல்ல வேண்டும். மற்ற அணிகள் ஆட்டத்துக்கு முன் வரிசையில் நின்று கத்திக் குதிப்பதைக் கிண்டல் செய்கிற வேடிக்கை இது. வேடிக்கை என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம். பதற்றத்தோடு வரும் பிள்ளையின் தோள்களைத் தளரவைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

இவ்வளவையும் கேட்டால், இவர் ஒரு செல்லம் கொடுக்கிற பயிற்சியாளர், சும்மா விட்டுவிடுகிறவர் என்று தோன்றும். அப்படி நினைத்துத்தான் பல எதிரணிகள் தோற்றன. எதையெல்லாம் நீக்கினாரோ, அந்த நேரம் முழுவதையும் ஒரே காரியத்தில் போட்டார்: அடுத்த சனிக்கிழமை ஆடப்போகும் ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வையும் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது. முழு வேகத்தில் அல்ல, முழுக் கவனத்தில். எதிரணி இப்படி நின்றால் நீ எங்கே நிற்க வேண்டும், அவன் இந்தப் பக்கம் திரும்பினால் நீ எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருவன் காலடி தவறினால் நிறுத்தி, விளக்கி, மறுபடி. சரியாக வரும் வரை மறுபடி. எதிரணியின் ஆட்டப் படங்களை உட்கார்ந்து பார்த்தார்கள். யாரையும் சாய்க்கவில்லை, சாய்க்க வேண்டிய இடத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேரப் பழகினார்கள். சாதாரண ஆட்கள் சாதாரண வேலையை அசாதாரணமாகச் செய்தால் போதும் என்பது அவர் அடிக்கடி சொன்ன கருத்து. இதில் தளர்வே கிடையாது. விசில் அடித்து இருபது சுற்று ஓடவிடுகிற பயிற்சியாளருக்கு உண்மையில் வேலை குறைவு. அவர் மர நிழலில் நின்றுகொள்ளலாம். கலார்டி வழியில் ஆசிரியர் ஒவ்வொரு காலடியையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதே காலத்தில் வேறொரு இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கலார்டி செயின்ட் ஜான்ஸுக்கு வந்த அடுத்த ஆண்டு, 1954 செப்டம்பரில், டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் புதிய பயிற்சியாளர் பால் 'பேர்' பிரையன்ட் தன் அணியைப் பேருந்துகளில் ஏற்றி ஜங்ஷன் என்ற சிற்றூருக்குக் கொண்டுபோனார். வறட்சிக் காலம். கல்லும் முள்ளும் நிறைந்த தரை. பத்து நாள், விடிவதற்கு முன்பே தொடங்கும் பயிற்சி. தண்ணீர் கிடையாது. சுமார் நூறு பேர் போனார்கள். இரவோடு இரவாக ஓடிப்போனவர்கள் போக, முகாமின் முடிவில் சுமார் முப்பத்தைந்து பேர்தான் மிஞ்சினார்கள். ஒரு வீரர் வெயில் தாக்கிச் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். அந்த ஆண்டு அணி பத்து ஆட்டத்தில் ஒன்றில்தான் வென்றது. ஆனால் இரண்டு ஆண்டுகளில், 1956-இல், ஒரு தோல்வியும் இல்லாமல் தங்கள் லீக்கின் பட்டத்தைப் பெற்றது. பின்னர் பிரையன்ட் அலபாமா போய் ஆறு தேசியப் பட்டங்கள் வென்றார். ஓய்வு பெறும்போது 323 வெற்றிகள். ஜங்ஷன் முகாம் வீரகாவியம் ஆனது. புத்தகம் வந்தது, தொலைக்காட்சிப் படம் வந்தது.

நான் இதை மறைக்க விரும்பவில்லை. கடுமையும் வென்றிருக்கிறது. "அன்பாக இருந்தால் வெற்றி, கடுமையாக இருந்தால் தோல்வி" என்று ஒரு நீதிக்கதை சொல்லி உங்களை அனுப்பினால், நாளை உங்கள் பள்ளியில் ஒருவர் பிரையன்டைக் காட்டி என்னை மடக்கிவிடுவார். வெற்றி எண்ணிக்கை இந்த வழக்கைத் தீர்க்காது. நான் கேட்பது வேறு கணக்கு. அந்தப் பேருந்துகளில் திரும்பாத அறுபத்தைந்து பேர் எங்கே போனார்கள்? அவர்களில் கால்பந்து ஆடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? வீரகாவியத்தில் மிஞ்சியவர்களின் பெயர்கள்தான் இருக்கின்றன. பிரையன்டே பிற்காலத்தில் அந்த முகாம் சரியா தவறா என்று தனக்கே தெளிவில்லை என்ற பொருளில் எழுதினார். கல்லூரிப் பயிற்சியாளருக்கு நூறில் முப்பத்தைந்து போதும். ஆடப் பதினொரு பேர்தானே வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் வேலை செய்கிற நமக்கு அந்தக் கணக்கு கிடையாது. நம் பேருந்தில் ஏறிய அத்தனை பேரும் நம்மோடு திரும்பியாக வேண்டும். யாரையும் நீக்காதவர் எப்படிப் பயிற்சி கொடுத்தார் என்பது அதனால்தான் நமக்குத் தேவைப்படுகிறது. டீச்சர், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இது.

வெயிலும் தண்ணீரும் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 2001-ஆம் ஆண்டு, கலார்டி வேலை செய்த அதே மினசோட்டாவில், மன்கேட்டோ நகரில், மினசோட்டா வைகிங்ஸ் என்ற தொழில்முறை அணியின் முகாம் நடந்தது. மருத்துவர்களும் உதவியாளர்களும் சூழ்ந்த முகாம். ஜூலை 31 அன்று கடும் வெயிலில் பயிற்சி செய்த கோரி ஸ்ட்ரிங்கர் என்ற வீரர் வெப்பத் தாக்குதலால் சுருண்டு விழுந்தார், மறுநாள் இறந்தார். இருபத்தேழு வயது, மலை போன்ற உடம்பு. கலார்டி கடும் வெயிலில் பயிற்சி வைக்க மாட்டேன் என்று சொல்ல ஆரம்பித்து அப்போது பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் பதினொரு மணி வெயிலில் மாஸ் டிரில் ஒத்திகை வைக்கும் நண்பர்கள் இந்த அவையில் இருந்தால், தயவுசெய்து இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

இப்போது வெற்றிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்கத்தான் பலரும் காத்திருப்பீர்கள். 1963-இல் தேசியப் பட்டம். இறுதி ஆட்டத்தில் டெக்சாஸின் பிரெய்ரி வியூ அணியை 33-27 என்று வென்றார்கள். 1965-இல் மீண்டும். 1976-இல் மூன்றாவது, டவ்சன் அணியோடு 31-28. 1993 அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 61.5 புள்ளிகள் எடுத்துச் சாதனை படைத்தது. நான்காவது பட்டம் 2003-இல், முதல் பட்டத்துக்கு நாற்பது ஆண்டு கழித்து. அன்று எதிரே நின்ற மவுண்ட் யூனியன் அதற்கு முன் தொடர்ந்து 55 ஆட்டம் வென்றிருந்த அணி. 24-6 என்று முடிந்தது.

அதே 2003 நவம்பர் 8 அன்று பெத்தேல் அணியை 29-26 என்று வென்றபோது அது கலார்டியின் 409-ஆவது வெற்றி. கல்லூரிக் கால்பந்தில் அதுவரை யாருக்கும் இல்லாத எண்ணிக்கை. அவர் முந்தியது எடி ராபின்சனை. இந்தப் பெயரை வேகமாகக் கடந்து போக எனக்கு மனமில்லை. ராபின்சன் லூசியானா மாநிலத்தில் கிராம்பிளிங் என்ற கறுப்பினக் கல்லூரியில் 1941-இல் தன் இருபத்திரண்டாம் வயதில் சேர்ந்தவர். இனப் பாகுபாட்டுக் காலம். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் வழியில் ஓட்டலில் பையன்களைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் தானே சாண்ட்விச் செய்து எடுத்துப் போவார். மைதானத்துப் புல்லை வெட்டுவதும் கோடு போடுவதும் அவரே. காலையில் விடுதிக்குப் போய் மாட்டு மணியை ஆட்டிப் பையன்களை எழுப்பி வகுப்புக்கு அனுப்புவார். 1985-இல் பிரையன்டின் 323-ஐத் தாண்டியவர் இவர்தான். 1997-இல் 408-இல் நின்றார். இவர் விசில் ஊதியிருக்கலாம், ஊதாமலும் இருந்திருக்கலாம். விடுதி வாசலில் மணியோடு நின்ற ஓர் ஆசிரியர். இவரைப் பற்றியே ஒருநாள் தனியாகப் பேச வேண்டும்.

கலார்டி 2012 வரை நீடித்தார். மொத்தக் கணக்கு 489 வெற்றி, 138 தோல்வி, 11 சமநிலை. இன்றும் கல்லூரிக் கால்பந்தில் அதுவே உச்சம். கடைசி ஆண்டுகளில் அணி முன்போல் வெல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறுதி ஆண்டில் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. அறுபது ஆண்டுகள் ஒரே இடத்தில் இருந்தது முழுக்க நன்மைதானா என்று கேட்டால் எனக்கு உறுதியான பதில் இல்லை. பெரும் பல்கலைக்கழகங்களின் பிரிவில், பல லட்சம் டாலர் உதவித்தொகை வாங்கும் வீரர்களுக்கு எதிராக அவர் ஆடியதில்லை என்று சிலர் குறை சொல்வதும் உண்மையே. ஆனால் எதிரே நின்ற அணிகளுக்கும் அதே நிலைதானே? அவர்களும் உதவித்தொகை இல்லாமல் வந்தவர்கள்தான். அவர்கள் விசிலோடும் தண்டனை ஓட்டத்தோடும் பயிற்சி செய்தார்கள், இவர்கள் இல்லாமல் செய்தார்கள்.

இனி நம் பள்ளிக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்குத் தடகளத் தேர்வுக்காகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நல்ல நீளமான கால், இயல்பான ஓட்டம். 800 மீட்டருக்குப் பெயர் கொடும்மா என்றேன். தலையை ஆட்டி மறுத்தாள். ஏன் என்றதற்கு, "ஓடுறதுன்னா பனிஷ்மென்ட்தானே சார்?" என்றாள். அந்தப் பள்ளியில் தாமதமாக வந்தால் மூன்று சுற்று, வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் ஐந்து சுற்று. அந்தப் பிள்ளை தொலைவிலிருந்து வருகிறவள். பேருந்து தாமதமானால் ஓடுவாள். ஓட்டம் அவளுக்கு அவமானத்தின் பெயராகிவிட்டது. நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அவள் பெயர் கொடுக்கவில்லை.

கலார்டி தண்டனை ஓட்டத்தை நீக்கியதன் காரணம் எனக்கு அன்று முழுதாக விளங்கியது. நாம் எதைத் தண்டனையாகக் கொடுக்கிறோமோ அதை வெறுக்கக் கற்றுக்கொடுக்கிறோம். ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் ஓட்டம் போகும். இம்போசிஷன் கொடுத்தால் எழுத்து போகும். "பாடத்தைப் பத்து முறை எழுதிக்கொண்டு வா" என்றால் அந்தப் பிள்ளை பத்தாவது முறை எழுதும்போது அதில் ஒரு சொல்லாவது மனத்தில் நிற்கும் என்று உங்களில் யார் நம்புகிறீர்கள்? மைதானத்தில் இதைச் செய்கிறவன் நான் என்பதால் மைதான உதாரணம் சொன்னேன். வகுப்பறையில் இதற்கு இணை என்ன என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இந்தக் கதை தவறாகப் பயன்படும். கலார்டியிடம் வந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். பள்ளியிலேயே நான்கு ஆண்டுகள் ஆடி, டேக்கிள் செய்யக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். அடிப்படையை யாரோ ஒரு பள்ளிப் பயிற்சியாளர் ஏற்கெனவே கற்பித்துவிட்டார். அதனால்தான் அவரால் அதைப் பயிற்சியிலிருந்து எடுக்க முடிந்தது. "அவர் டேக்கிளை விட்டார், நான் வாய்ப்பாட்டை விடுகிறேன்" என்று எந்த ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் கிளம்பிவிட வேண்டாம். அடிப்படை கற்பிக்கிற அந்தப் பெயர் தெரியாத பள்ளி ஆசிரியர் நீங்கள்தான், டீச்சர். மீதிப் பாதிப் பதில் இது. வாய்ப்பாட்டுக்கு ஒத்திகை வேண்டும், எழுத்துக்கு ஒத்திகை வேண்டும். கலார்டியும் ஒத்திகையை நிறுத்தவில்லை. அதைத்தான் அதிகம் செய்தார். சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்த இம்சையைத்தான் உரித்துப் போட்டார். எது ஒத்திகை, எது இம்சை என்று பிரிப்பதுதான் கடினம். அதற்கு அவர் வைத்திருந்த கேள்வி எளிமையானது: சனிக்கிழமை ஆட்டத்துக்கு இது உதவுமா? உதவாது என்றால், எத்தனை ஆண்டாகச் செய்து வந்தாலும் நிறுத்திவிடுவார்.

அவர் அணியில் விதி என்று எடுத்துச் சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. உன்னை மற்றவர்கள் எப்படி நடத்த வேண்டும் என்று விரும்புகிறாயோ அப்படி மற்றவர்களை நடத்து. 150 பேர் அணிக்கு அது போதுமா என்று எனக்கும் ஐயம் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இருபத்தைந்து விதி எழுதிச் சுவரில் ஒட்டினால் அவற்றைக் கண்காணிக்கவே ஒரு ஆசிரியர் வேண்டும்.

அவர் வழியை அமெரிக்கா உடனே ஏற்கவில்லை. ஒரு துறவிகள் கல்லூரியில் நடக்கும் வேடிக்கையாகத்தான் பல ஆண்டுகள் பார்த்தார்கள். தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்களின் கதைகள் வெளிவரத் தொடங்கிய பிறகுதான் காற்று மாறியது. 2010-இல் டார்ட்மத் கல்லூரியின் பயிற்சியாளர் படி டீவன்ஸ் பயிற்சியில் வீரரை வீரர் டேக்கிள் செய்வதை நிறுத்தினார். 2016-இல் ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளின் எட்டுப் பயிற்சியாளர்களும் சேர்ந்து, ஆட்டப் பருவத்தில் நடக்கும் பயிற்சிகளில் டேக்கிள் வேண்டாம் என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். கலார்டி இதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 2018 அக்டோபர் 7 அன்று, தொண்ணூற்றொன்றாம் வயதில் காலமானார்.

நேரம் ஆகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். தேநீருக்குப் பிறகு குழுச் செயல்பாடு. ஒவ்வொரு குழுவும் தங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டம் முதல் கடைசி மணி வரை வழக்கமாகச் செய்கிற வேலைகளை ஒரு சார்ட்டில் எழுதுங்கள். வரிசையில் நிறுத்துவது, நோட்டு அட்டை போடச் சொல்வது, சிவப்பு மையில் கையெழுத்திடுவது, எல்லாம். சின்னது பெரியது பார்க்க வேண்டாம். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரே, அது எந்தப் பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொள்ள உதவுகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வராத இடங்களைக் காலியாக விடுங்கள், வலிந்து நிரப்ப வேண்டாம். சார்ட்டை இடது பக்கச் சுவரில் ஒட்டிவிடுங்கள், மூன்று மணிக்கு எல்லாரும் சுற்றிப் பார்ப்போம். ஸ்கெட்ச் பேனாக்கள் பின் மேசையில் இருக்கின்றன.